டிராக்டருக்கேற்ற சுழல் கலப்பைத் தேர்வு

சுழல் கலப்பை (ரோட்டவேட்டர்) என்பது டிராக்டரின் எந்திர ஆற்றலால் சுழலும் கத்திகளைக் கொண்டு மண்ணை வெட்டிக் கிளறிப் பொடியாக்கும் உழவுக் கருவி ஆகும். தோட்டங்களிலும் சிறு பண்ணைகளிலும் பயன்படும் சிறிய கலப்பைகள் முதல் பெரு வயல்களில் பயன்படும் அகலமான கலப்பைகள் வரை இது பல அளவுகளில் கிடைக்கிறது. ஒரு குறிப்பிட்ட டிராக்டருக்கு எவ்வளவு அகலமும் எடையும் கொண்ட சுழல் கலப்பை ஏற்றது என்பதை டிராக்டரின் குதிரைத்திறனை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. தண்டில் கிடைக்கும் ஆற்றல், பின்சக்கரங்களின் வெளி அகலம், தூக்கு திறன், மிகக் குறைந்த வேகம், இணைப்பு வகை ஆகிய ஐந்தும் சேர்ந்தே பொருத்தத்தைத் தீர்மானிக்கின்றன. பொருத்தமற்ற கருவி எரிபொருளை வீணாக்குவதோடு, டிராக்டர், கலப்பை, மண் ஆகிய மூன்றிற்கும் கேடு விளைவிக்கக்கூடும்.

ஏனைய கலப்பைகளிலிருந்து வேறுபாடு

கொத்துக்கலப்பை, சட்டிக்கலப்பை போன்றவை டிராக்டரால் இழுக்கப்படுபவை. அவற்றிற்குத் தேவையான விசை முழுவதும் பின்சக்கரங்களுக்கும் நிலத்திற்கும் இடையிலான பிடிப்பின் வழியாகவே கிடைக்கிறது. ஆகவே எடை குறைந்த டிராக்டர் பெரிய கலப்பையை இழுக்க முயன்றால் அதன் சக்கரங்கள் வழுக்கும்.

சுழல் கலப்பையில் ஆற்றலின் பெரும்பகுதி சக்கரங்கள் வழியாகச் செல்வதில்லை. அது டிராக்டரின் பின்புறமுள்ள ஆற்றல் வெளியீட்டுத் தண்டின் (பி.டி.ஓ. தண்டு) வழியாக நேராகக் கத்திகளுக்குச் செல்கிறது. பெரும்பாலான சுழல் கலப்பைகளில் கத்திகள் சக்கரங்கள் சுழலும் திசையிலேயே சுழல்வதால், அவை மண்ணை வெட்டும்போது டிராக்டரை முன்னோக்கித் தள்ளவும் செய்கின்றன. இதனால் இலகுவான டிராக்டரும் இக்கருவியை இயக்க முடிகிறது. ஆனால் சக்கரங்கள் வழுக்குவதால் கிடைக்கும் எச்சரிக்கை இங்கே கிடைப்பதில்லை. மிகைச் சுமை நேரடியாக எந்திரத்தையும், கிளட்சையும், பல்சக்கரங்களையும் தாக்குகிறது. சுழல் கலப்பையைத் தேர்வு செய்வதில் தனிக் கவனம் தேவைப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

வரலாறு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் 1912 ஆம் ஆண்டில் கில்கான்ட்ரா என்னும் ஊரிலிருந்த தம் தந்தையின் பண்ணையில் சுழல் உழவுச் சோதனைகளைத் தொடங்கினார். நீராவி டிராக்டர் ஒன்றின் ஆற்றலை அவர் இதற்குப் பயன்படுத்தினார். தொடக்கக் கருவிகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தன. இடைவெளி விட்டு அமைந்த வட்டத் தகடுகளில் ஆங்கில 'எல்' எழுத்து வடிவக் கத்திகளைப் பொருத்தியதன் மூலம் ஹோவர்ட் இக்குறையைத் தீர்த்தார். 1920 இல் தம் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்ற அவர், 1922 இல் ஆஸ்திரேலியாவில் உற்பத்தி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1938 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் மற்றொரு நிறுவனத்தை நிறுவினார். 'ரோட்டவேட்டர்' என்பது முதலில் ஒரு வணிகப் பெயரே. பின்னர் அது இக்கருவிக்கே பொதுப்பெயராக வழங்கலாயிற்று. ஆங்கிலத்தில் இச்சொல்லை இறுதியிலிருந்து படித்தாலும் அதே சொல்லாக அமைவது குறிப்பிடத்தக்கது.

இதே காலப்பகுதியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கொன்ராட் ஃபான் மையன்புர்க் என்பவரும் சுழல் உழவுக் கருவியை உருவாக்கினார். அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பு, 1939 இல் வெளிவந்த ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டர் மூலம் பரவலாயிற்று. கருவியை டிராக்டரிலேயே தாங்கித் தூக்கும் இம்முறையால் சுழல் கலப்பைக்குத் தனிச் சக்கரங்கள் தேவையற்றுப் போயின. அதே வேளையில், கருவியின் எடை முழுவதையும் டிராக்டர் தாங்க வேண்டிய நிலையும் உருவானது.

அமைப்பும் இயக்கமும்

பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்திற்கு 540 சுற்றுகள் சுழலும். நீளம் கூடிக் குறையக்கூடிய இணைப்புத் தண்டு ஒன்று இச்சுழற்சியைக் கலப்பையின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டிக்குக் கொண்டு செல்கிறது. அங்கு வேகம் குறைக்கப்பட்டு, பக்கவாட்டில் உள்ள சங்கிலி அல்லது பல்சக்கரத் தொகுதி வழியாகக் கத்தித் தண்டு இயக்கப்படுகிறது. கத்தித் தண்டு ஏறத்தாழ நிமிடத்திற்கு 200 சுற்றுகள் சுழல்வது வழக்கம்.

வேகம் குறையும்போது முறுக்குவிசை கூடுகிறது. எடுத்துக்காட்டாக, 10 கிலோவாட் ஆற்றல் 540 சுற்று வேகத்தில் ஏறத்தாழ 177 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தரும். இழப்புகளைக் கருதாவிடின், அதே ஆற்றல் 200 சுற்று வேகத்தில் ஏறத்தாழ 477 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தரும். கத்தி ஒரு கல்லிலோ வேரிலோ சிக்கி நின்றால் இவ்விசை ஒரே நொடியில் பல மடங்காகிவிடும். இதைத் தடுக்கவே இணைப்புத் தண்டில் வழுக்கும் கிளட்ச் அல்லது எளிதில் முறியும் போல்ட் அமைக்கப்படுகிறது. முறியும் போல்டுக்குப் பதிலாக வலிமை மிக்க வேறு போல்டை இட்டால் அடுத்து முறிவது பல்சக்கரமாக இருக்கும்.

பொருத்தத்தைத் தீர்மானிக்கும் கூறுகள்

1. தண்டில் கிடைக்கும் ஆற்றல்

டிராக்டர் விற்பனையில் குறிப்பிடப்படும் குதிரைத்திறன் பெரும்பாலும் எந்திரத்தின் திறனே ஆகும். பல்சக்கரங்கள், நீரியல் எக்கி போன்றவற்றில் ஏற்படும் இழப்புகள் போக, பி.டி.ஓ. தண்டில் அதில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு வரையே கிடைக்கும். 35 குதிரைத்திறன் எந்திரம் கொண்ட டிராக்டரின் தண்டில் 30 குதிரைத்திறன் அளவே கிடைக்கும் எனக் கொள்ளலாம். நீரியல் முறையில் வேகத்தை மாற்றும் சிறு டிராக்டர்களில் இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். ஆகவே சுழல் கலப்பைக்குத் தண்டுத் திறனையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் சிறு டிராக்டர்களுக்கு வழங்கும் நடைமுறை விதி ஒன்றின்படி, கலப்பையின் ஒவ்வோர் அடி அகலத்திற்கும் (ஏறத்தாழ 30 செ.மீ.) தண்டில் 5 குதிரைத்திறன் வேண்டும். முன்பே பண்படுத்தப்பட்ட இளகிய மண்ணுக்கு இவ்விதி பொருந்தும். இறுகிய களிமண், காய்ந்த கரிசல் மண், புல் வேரோடிய தரிசு நிலம் ஆகியவற்றிற்கு இதைவிடக் கூடுதல் ஆற்றல் தேவை.

2. பின்சக்கரங்களின் வெளி அகலம்

ஆற்றல் கலப்பையின் அகலத்திற்கு மேல் எல்லையை வகுக்கிறது எனில், சக்கரங்களின் அகலம் கீழ் எல்லையை வகுக்கிறது. பின்சக்கரங்கள் அழுத்திச் செல்லும் தடத்தைக் கலப்பை கிளறிவிட வேண்டும். இல்லையேல் உழுத நிலத்தின் ஓரத்தில் இறுகிய தடம் எஞ்சும். அத்தடத்தில் நீர் எளிதில் இறங்காது, விதையும் சீராக முளைக்காது.

இரு பின்சக்கர மையங்களுக்கு இடையே 95 செ.மீ. தொலைவும், 25 செ.மீ. அகல டயர்களும் உள்ள டிராக்டரின் வெளி அகலம் 120 செ.மீ. ஆகும். இதற்கு 120 செ.மீ. கலப்பை சரியாகப் பொருந்தும். ஒவ்வொரு புறமும் 5 செ.மீ. கூடுதலாக அமைவது மேலும் நன்று.

இவ்விரு எல்லைகளும் சில வேளைகளில் முரண்படும். சக்கரத் தடத்தை மறைக்க 120 செ.மீ. தேவைப்படும்போது, தண்டுத் திறன் 100 செ.மீ. கலப்பைக்கே போதுமானதாக இருக்கலாம். அந்நிலையில் பின்வரும் தீர்வுகள் உள்ளன:

* சக்கரங்களின் இடைவெளியைக் குறைத்தல். பல டிராக்டர்களில் சக்கரத் தகட்டைத் திருப்பிப் பொருத்தி இதைச் செய்யலாம். ஆயினும் சரிவு நிலங்களில் குறுகிய இடைவெளி கவிழும் வாய்ப்பைக் கூட்டும்.
* கலப்பையை ஒரு பக்கமாக நகர்த்திப் பொருத்துதல். இதனால் ஒரு சக்கரத்தின் தடம் உடனே கிளறப்படும். மறு சக்கரம் அடுத்த சாலில் உழப்படும் நிலத்தில் செல்லுமாறு ஓட்ட வேண்டும். வேலியோரம் உழுவதற்கும் இவ்வமைப்பு உதவும்.
* அகலமான கலப்பையைக் கொண்டு ஆழத்தைக் குறைத்து இரு முறை உழுதல்.

3. தூக்கு திறனும் எடைச் சமநிலையும்

டிராக்டரின் நீரியல் தூக்கி எவ்வளவு எடையைத் தூக்கும் என்பது தூக்குக் கைகளின் முனையிலோ, அதற்கு 61 செ.மீ. பின்னாலோ அளக்கப்படுகிறது. பின்னால் அளக்கும்போது கிடைக்கும் மதிப்பு குறைவாக இருக்கும். சுழல் கலப்பையின் எடை மையம் முனைக்குப் பின்னாலேயே அமைவதால், இரண்டாவது மதிப்பையே கருத வேண்டும்.

தூக்க முடிவதால் மட்டும் பொருத்தம் நிறைவடைவதில்லை. கலப்பை உயரும்போது அதன் எடை பின்னச்சைச் சுழல்மையமாகக் கொண்டு டிராக்டரின் முன்புறத்தை மேலே எழுப்ப முயல்கிறது. முன்னச்சின் மீது டிராக்டரின் வெற்று எடையில் குறைந்தது 20 விழுக்காடாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இல்லாவிடில் திசைதிருப்பல் கட்டுப்பாட்டை இழக்கும். தேவையெனில் முன்புறத்தில் எடைக்கட்டிகளைச் சேர்ப்பர்.

4. முன்னோக்கு வேகம்

கத்திகள் ஒரே வேகத்தில் சுழலும்போது, டிராக்டர் முன்னோக்கிச் செல்லும் வேகமே ஒவ்வொரு கத்தியும் வெட்டும் மண் துண்டின் தடிப்பைத் தீர்மானிக்கிறது. நொடிக்கு 0.6 மீட்டர் (மணிக்கு ஏறத்தாழ 2.2 கி.மீ.) வேகத்தில், 200 சுற்று கத்தித் தண்டில், ஒரே தடத்தில் 3 கத்திகள் வெட்டினால், ஒவ்வொரு துண்டும் 6 செ.மீ. தடிப்பாக இருக்கும். வேகம் இரு மடங்கானால் தடிப்பு 12 செ.மீ. ஆகும். ஒரு நொடியில் வெட்டப்படும் மண்ணின் அளவும் இரட்டிப்பாகும்.

ஆகவே தண்டு முழு வேகத்தில் சுழலும்போதே மணிக்கு 1 முதல் 3 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லக்கூடிய கியர் டிராக்டரில் இருக்க வேண்டும். பழைய டிராக்டர்கள் சிலவற்றின் முதல் கியரே இதைவிட விரைவானது. எந்திர வேகத்தைக் குறைத்து இதைச் சரிசெய்ய இயலாது, ஏனெனில் அப்போது கத்திகளின் வேகமும் குறைந்துவிடும். மேலும், சில பழைய டிராக்டர்களில் கிளட்சை மிதித்தால் சக்கரங்களுடன் பி.டி.ஓ. தண்டும் நின்றுவிடும். மண் அடைத்துக்கொண்ட கலப்பையை, டிராக்டரை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து சுழலவிட இவற்றில் முடியாது. தனித்து இயங்கும் தண்டு கொண்ட டிராக்டரே இப்பணிக்கு ஏற்றது.

5. இணைப்பு வகை

மும்முனை இணைப்புகள் ஆற்றலுக்கேற்ப வகைப்படுத்தப்பட்டுள்ளன. கீழ்க் கைகளில் உள்ள ஊசிகளின் விட்டம் வருமாறு:

* வகை 0: 16 மி.மீ. (சிறு தோட்ட டிராக்டர்கள்)
* வகை 1: 22 மி.மீ. (சிறிய, நடுத்தர டிராக்டர்கள்)
* வகை 2: 28 மி.மீ. (நடுத்தர, பெரிய டிராக்டர்கள்)

வகை 1 கருவியை வகை 2 டிராக்டரில் உறைகளின் உதவியால் பொருத்த முடியும். ஊசி பொருந்துவதால் கருவியே பொருந்திவிட்டதாகக் கொள்ளலாகாது. சிறு கலப்பையின் பல்சக்கரப் பெட்டி எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்பதையும் தயாரிப்பாளர் கையேட்டில் பார்க்க வேண்டும்.

இணைப்புத் தண்டின் நீளமும் கவனிக்கத்தக்கது. கலப்பையை முழுதும் தாழ்த்தியபோது தண்டின் உள்குழலும் வெளிக்குழலும் போதிய அளவு ஒன்றனுள் ஒன்று செருகியிருக்க வேண்டும். அவை மிக நெருங்கும் நிலையில் முட்டிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். சிறு டிராக்டர்களில் இடைவெளி குறைவாதலால் தண்டை அளந்து வெட்டிப் பொருத்துவது பெரும்பாலும் தேவைப்படும்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

தேவையான ஆற்றலைப் பின்வரும் தொடர்பால் மதிப்பிடலாம்:

ஆற்றல் = அகலம் × ஆழம் × முன்னோக்கு வேகம் × ஒரு கன மீட்டர் மண்ணைக் கிளறத் தேவையான வேலை

அகலம் 1.2 மீட்டர், ஆழம் 0.12 மீட்டர், வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் எனில், நொடிக்கு 0.0864 கன மீட்டர் மண் கிளறப்படும். இளகிய மண்ணுக்குக் கன மீட்டருக்கு 100 கிலோஜூல் எனவும், இறுகிய மண்ணுக்கு 150 கிலோஜூல் எனவும் கொள்வோம். கத்தித் தண்டில் முறையே 8.6 கிலோவாட், 13 கிலோவாட் தேவைப்படும். கலப்பையின் பல்சக்கரங்களில் 10 விழுக்காடு இழப்பையும், எதிர்பாராச் சுமைக்காக 25 விழுக்காடு மிகுதியையும் சேர்த்தால், பி.டி.ஓ. தண்டில் முறையே ஏறத்தாழ 12 கிலோவாட் (16 குதிரைத்திறன்), 18 கிலோவாட் (24 குதிரைத்திறன்) வேண்டும். அகலமும் ஆழமும் வேகமும் மாறாதிருந்தும், மண் மாறியதால் மட்டுமே தேவை ஒன்றரை மடங்காவதை இக்கணக்கு காட்டுகிறது.

அடுத்து எடைச் சமநிலையைப் பார்ப்போம். டிராக்டரின் எடை 900 கிலோகிராம், அதில் முன்னச்சின் மீது 400 கிலோகிராம், இரு அச்சுகளுக்கு இடையே 1.6 மீட்டர் எனக் கொள்வோம். 300 கிலோகிராம் கலப்பையின் எடை மையம் பின்னச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் உள்ளது. கலப்பை உயரும்போது முன்னச்சில் குறையும் சுமை:

300 × 1.4 ÷ 1.6 = ஏறத்தாழ 262 கிலோகிராம்

எஞ்சுவது 138 கிலோகிராம் மட்டுமே. 900 கிலோகிராமில் 20 விழுக்காடு 180 கிலோகிராம் ஆகையால் 42 கிலோகிராம் குறைகிறது. முன்னச்சுக்கு 0.5 மீட்டர் முன்னால் ஏறத்தாழ 32 கிலோகிராம் எடைக்கட்டிகளைத் தொங்கவிட்டால் இக்குறை நீங்கும். இங்கு டிராக்டரின் ஆற்றல் போதுமானதாக இருந்தும் சமநிலை போதாமையைக் காணலாம்.

நடைமுறை அளவுகள்

முன்பே உழுது பண்பட்ட நிலத்திற்கு எந்திரத் திறனைக் கொண்டு தோராயமாகப் பின்வருமாறு கொள்ளலாம்:

* 12 – 18 குதிரைத்திறன்: 0.75 முதல் 1.0 மீட்டர்
* 18 – 25 குதிரைத்திறன்: 1.0 முதல் 1.25 மீட்டர்
* 25 – 35 குதிரைத்திறன்: 1.25 முதல் 1.5 மீட்டர்
* 35 – 45 குதிரைத்திறன்: 1.5 முதல் 1.65 மீட்டர்
* 45 – 55 குதிரைத்திறன்: 1.65 முதல் 2.0 மீட்டர்

கடினமான மண்ணாயின் ஒரு படி குறைந்த அளவைத் தேர்வது நன்று. கத்திகள் எதிர்த் திசையில் சுழலும் வகைக் கலப்பைகளுக்கும் இது பொருந்தும். அவை மண்ணை மேலும் நுண்மையாக்கினாலும் கூடுதல் ஆற்றலை வேண்டுபவை. மேலும் அவை டிராக்டரை முன்னே தள்ளுவதற்குப் பதிலாகப் பின்னுக்கு இழுக்கும். ஒரே அகலமுள்ள கலப்பைகளும் தயாரிப்பாளரைப் பொறுத்து எடையில் பெரிதும் வேறுபடுவதால், இறுதி முடிவுக்குக் கையேட்டிலுள்ள அளவுகளையே கொள்ள வேண்டும்.

மிகச் சிறிய டிராக்டர்கள்

புல் வெட்டுவதற்கென உருவாக்கப்பட்ட இருக்கையுள்ள சிறு டிராக்டர்களில் பெரும்பாலும் பின்புறப் பி.டி.ஓ. தண்டோ மும்முனை இணைப்போ இருப்பதில்லை. எந்திரத்தில் 18 குதிரைத்திறன் குறிக்கப்பட்டிருந்தாலும், அவற்றின் அச்சுத் தொகுதி புல்வெளியில் ஓடுவதற்கென்றே அமைந்தது. இவற்றிற்குத் தனி எந்திரம் கொண்ட, பின்னால் இழுத்துச் செல்லும் சுழல் கலப்பைகள் கிடைக்கின்றன. அவற்றிலும் டிராக்டர் மிக மெதுவாகச் செல்லக்கூடியதா என்பதைக் கவனிக்க வேண்டும். சில நூறு சதுர மீட்டர் பரப்புள்ள தோட்டத்திற்குக் கையால் நடத்திச் செல்லும் விசை உழுவியே சிக்கனமானது எனலாம்.

பொருத்தமின்மையின் விளைவுகள்

கலப்பை பெரிதாயின் எந்திரம் திணறும், புகை மிகும். ஓட்டுநர் ஆழத்தைக் குறைத்து அதைச் சமாளிக்க முற்படுவார். மேற்பரப்பில் 5 செ.மீ. மண் மட்டும் மாவாகி, அடியிலுள்ள மண் தொடப்படாமல் இருக்கும். உழுத நிலம் பார்வைக்கு மிக நன்றாகத் தோன்றுவதால் இக்குறை உடனே தெரிவதில்லை. பயிரின் வேர் கீழே இறங்க முடியாதபோதுதான் அது வெளிப்படும்.

கலப்பை சிறிதாயின் சக்கரத் தடங்கள் எஞ்சும். ஒரே நிலத்தைப் பல சால்களில் உழ வேண்டியிருப்பதால் கனமான டிராக்டரின் சக்கரங்கள் மண்ணை மீண்டும் மீண்டும் அழுத்தும். பெரிய எந்திரத்தின் ஆற்றல் முழுவதும் சிறிய பல்சக்கரப் பெட்டிக்குள் பாயும் வாய்ப்பும் உண்டு. வாடகைக்கு உழுவிக்கும் உழவர் மணிக்கணக்கில் பணம் செலுத்துவதாயின் கூடுதல் நேரத்தின் செலவும் அவரையே சாரும்.

பொருத்தம் சரியாக அமைந்தாலும் சுழல் கலப்பையை அளவுடனேயே பயன்படுத்த வேண்டும். அடிக்கடி உழுதால் மண் கட்டமைப்புச் சிதைந்து, மழைக்குப் பின் மேற்பரப்பில் ஏடு படியும். எப்போதும் ஒரே ஆழத்தில் கத்திகள் தேய்த்துச் செல்வதால் அதற்குக் கீழே கடினமான மண் அடுக்கு உருவாகும். உளிக்கலப்பை கொண்டு இடையிடையே ஆழ உழுவதன் மூலம் இதை உடைக்கலாம். நெல் வயலில் சேற்றுழவு செய்யும்போது மட்டும், நீர் கீழிறங்காமல் தடுக்கும் இத்தகைய அடுக்கு ஓரளவு பயன் தருகிறது.

பாதுகாப்பு

நிமிடத்திற்கு 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்றுகள் ஆகும். தளர்ந்த வேட்டி, சேலைத் தலைப்பு, துண்டு முதலியன இணைப்புத் தண்டில் சிக்கினால், கையை விலக்கும் முன்னரே உடல் இழுக்கப்பட்டுவிடும். எனவே:

* இணைப்புத் தண்டின் காப்புறையை அகற்றலாகாது.
* கத்திகளில் சிக்கிய வேர், கயிறு போன்றவற்றை நீக்கும் முன் எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும்.
* திரும்பும்போதும் கலப்பையைத் தூக்கும்போதும் பி.டி.ஓ. தண்டின் சுழற்சியை நிறுத்த வேண்டும்.
* கலப்பை மீது எவரையும் ஏற்றலாகாது.
* தூக்கிய கலப்பைக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் பணி செய்யலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

* உழவு
* டிராக்டர்
* மும்முனை இணைப்பு
* விசை உழுவி
* உளிக்கலப்பை
* முறுக்குவிசை